கல்லைத் தேடி நடந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்



போன மாதச் சுவர் இதழில் சிவப்பு மையில், கட்டம் போட்டு, ஒரு செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கா? நம்ம மணிமுத்தாற்றில் 15 லட்சம் வருஷத்துக் கற்கருவி கிடைத்தது என்று. அதை எழுதியது நான்தான். அந்தச் செய்தி தப்பு. எப்படித் தப்பு ஆச்சு என்று சொல்லத்தான் இந்த மாதம் எனக்கு முழுத்தாள் கொடுத்திருக்காங்க. ஆனால் தப்பை மட்டும் எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும். அதனால் என்னை இதில் மாட்டிவிட்ட பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையையும் சேர்த்து எழுதுகிறேன். அவர் இறந்து 110 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேர் ராபர்ட் புரூஸ் ஃபூட். நம்ம ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் முதல் பாடத்திலேயே அவர் பேர் வருது. பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வி என்று மட்டும் நினைத்துத் தாண்டிப் போயிருப்பீங்க. நானும் அப்படித்தான் போனேன், மாசி மகம் வரைக்கும்.

இந்த வருஷம் மாசி மகத்தன்று ஆயாவோடு ஆற்றுக்குப் போனேன். கூட்டம்னா கூட்டம். ஆயா தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தாங்க. நான் கொஞ்சம் தள்ளிப் போய் மணலில் நடந்தேன். கூழாங்கல் குவியலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கல். ஒரு பக்கம் மொத்தை, ஒரு பக்கம் கூர். கையில் பிடித்தால் எனக்கென்றே செய்தது மாதிரி உட்கார்ந்தது. பாடப் புத்தகத்தில் இருக்கும் கைக்கோடரிப் படம் உடனே ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், பாவாடையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு, அம்மிக் குழவி உடைஞ்சதுன்னு சிரிச்சான். அந்தக் கோபத்தில்தான் யாரையும் கேட்காமல் சுவர் இதழில் எழுதிப் போட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஃபூட் 1834-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858-இல், 24 வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து நம்ம சென்னை மாகாணத்துக்கு வந்தார். அந்தத் துறை 1851-இல் தொடங்கியது. வெள்ளைக்காரங்க ஏன் அதைத் தொடங்கினாங்க தெரியுமா? நம்ம நாட்டு வரலாற்றைத் தெரிந்துகொள்ள இல்லை. ரயிலுக்கும் கப்பலுக்கும் நிலக்கரி வேண்டும், எங்கே கிடைக்கும் என்று பார்க்கத்தான். அதற்குத் தலைவர் தாமஸ் ஓல்டாம். அவருக்குக் கீழே சின்ன வயசுப் பையன்கள் கொஞ்சம் பேர் நாடு முழுக்க நடந்து, எந்த ஊரில் என்ன பாறை, அதற்கு மேல் என்ன மண், கீழே என்ன மண் என்று வரைபடம் போட்டாங்க. வெயிலில் நடக்கணும், கூடாரத்தில் படுக்கணும், மழைக்காலம் வந்தால் திரும்பி வந்து அறிக்கை எழுதணும். இதுதான் வேலை.

இங்கே நம்ம ஊர்க்காரங்க கவனிக்கணும். ஃபூட்டும் அவரோட கூட்டாளி வில்லியம் கிங்கும் சேர்ந்து எழுதிய ஒரு பெரிய அறிக்கை 1864-இல் வெளியானது. அது எந்தெந்த இடத்தைப் பற்றித் தெரியுமா? சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென் ஆற்காடு மாவட்டங்களின் பகுதிகள். விருத்தாசலம் அப்போது தென் ஆற்காடு மாவட்டம்தான். ஆக, நாம் ஓடி விளையாடுகிற இந்தப் பக்கத்துச் செம்மண்ணையும் பாறையையும் அளந்து எழுதினவங்களில் அவரும் ஒருத்தர். நிலக்கரி தேடின துறைக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. நம்ம பக்கத்து நெய்வேலியில் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடந்தது, ஆனா அது வெளியே தெரிந்தது 1930-களில், கிணறு தோண்டும்போது. அந்தக் கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்ணால்தான் நம்ம ஊரில் பீங்கான் தொழில் வளர்ந்தது. எங்க அம்மா வேலை பார்க்கிற செராமிக் கம்பெனி அடுப்பு எரிவதற்கும் ஃபூட் துறைக்காரங்க நடந்ததற்கும் இப்படி ஒரு தூரத்துச் சொந்தம்.

ஃபூட் கல்யாணம் பண்ணினது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள் எலிசபெத்தை. இந்தப் பெர்சிவல் சாதாரண ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கம் செய்தவர். பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். 6,000-க்கும் மேல் தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்து, ஆங்கில அர்த்தத்தோடு புத்தகம் போட்டார். மாமனார் ஊர் ஊராகப் பழமொழி பொறுக்கினார், மருமகன் ஊர் ஊராகக் கல் பொறுக்கினார்! அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்பாங்க என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருது.

இப்போ கொஞ்சம் பிரான்ஸ் நாட்டுக்குப் போய் வரணும். அங்கே சோம் என்று ஒரு ஆறு. அதன் கரையில் அப்பெவில் என்ற ஊர். அந்த ஊரில் சுங்க அதிகாரியாக இருந்தவர் பூஷே த பெர்த். ஆற்றங்கரையில் சரளை வெட்டும் குழிகளில், அழிந்துபோன யானை, காண்டாமிருக எலும்புகளோடு, மனிதன் செதுக்கின கற்களும் கிடைப்பதை அவர் பார்த்தார். எழுதினார். யாரும் நம்பலை. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் சிரிச்சாங்க (எங்க தம்பி மாதிரி). பல வருஷம் கழித்து 1859-இல் இங்கிலாந்திலிருந்து ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் என்ற இரண்டு பேர் நேரில் போய்க் குழியில் இறங்கிப் பார்த்தாங்க. கல் மண்ணுக்குள்ளே அப்படியே பதிந்து இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உலகம் ஒத்துக்கொண்டது. மனிதன் இந்தப் பூமியில் நாம் நினைத்ததைவிட ரொம்பப் பழையவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தச் செய்தி சென்னையில் இருந்த ஃபூட் காதுக்கும் வந்தது. பிரான்சில் கிடைத்தால் இங்கே ஏன் கிடைக்கக் கூடாது? அன்றிலிருந்து பாறை பார்க்கப் போகும்போது சரளையையும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

1863 மே 30. பல்லாவரம். இப்போ நீங்க மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து போனால் வருமே, அதே பல்லாவரம்தான். அப்போது அங்கே ராணுவத்துப் படைப்பயிற்சி மைதானம் இருந்தது. அதில் செம்புரைச் சரளை வெட்டின ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்திலிருந்து வெளியே அள்ளிக் கொட்டின குவியலில் ஃபூட் ஒரு கல்லைப் பார்த்தார். கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் செதுக்கின கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் சாட்சி அது. அப்போது அவருக்கு வயது 28.

நானாக இருந்தால் அன்றைக்கே சுவர் இதழுக்குச் செய்தி எழுதியிருப்பேன். எழுதினவள்தானே!

ஃபூட்டுக்கோ ஒரு கஷ்டம் தெரிந்தது. அந்தக் கல் குவியலில் கிடந்தது. பள்ளத்துக்குள்ளே எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. மேலே கிடந்தது உள்ளே விழுந்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் பதில் இல்லை. அதனால் அவரும் கிங்கும் சேர்ந்து தேடிக்கொண்டே இருந்தாங்க. நாலு மாதம் கழித்து, 1863 செப்டம்பர் 28 அன்று, இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் என்ற கிராமத்துக்குப் போனாங்க. சென்னையிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். அங்கே மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து உண்டாக்கின ஓடைகள் இருக்கு. ஓடைக் கரைச் சுவரில் சரளை அடுக்கு வரிசையாகத் தெரியும். அந்த அடுக்குக்குள்ளேயே, யாரும் தொடாமல், கருவிகள் பதிந்து இருந்தன. கல் மட்டும் இல்லாமல் கல் இருந்த இடமும் கிடைத்தது என்று சொல்லலாம். இதுதான் பல்லாவரத்தைவிடப் பெரிய விஷயம் என்று எங்க சமூக அறிவியல் டீச்சர் சொன்னாங்க.

டீச்சர் இதைச் சொல்லும்போது என் கல் அவங்க மேஜை மேல் இருந்தது. அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாங்க: எந்த இடத்தில் எடுத்தே? பாலத்துக்கு மேற்கேயா கிழக்கேயா? மணலுக்கு மேலேயா, கரையில் பதிந்திருந்ததா? எனக்கு முழி பிதுங்கியது. கூழாங்கல் குவியல் என்று மட்டும்தான் தெரியும். அந்தக் குவியலை ஆறு கொண்டுவந்ததா, லாரி கொட்டினதா என்றுகூடத் தெரியாது.

செதுக்கின கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை நான் கற்றுக்கொண்டது ஆற்றில் இல்லை, அம்மா கம்பெனி வாசலில். எங்க அம்மா வேலை பார்க்கிற இடத்தில் மின்சாரத்துக்கான பியூஸ் கேரியர் செய்றாங்க, பீங்கான்தான். சூளையிலிருந்து எடுக்கும்போது உடைந்ததெல்லாம் வெளியே கிடக்கும். ஒரு உடைசலை எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்க. உடைந்த முகம் சிப்பி மாதிரி வளைந்து இருக்கும். குளத்தில் கல் போட்டால் அலை போகுமே, அந்த மாதிரி மெல்லிய வளையம் தெரியும். அடி விழுந்த புள்ளிக்குப் பக்கத்தில் வளையம் நெருக்கம், தள்ளிப் போகப் போக அகலம். கண்ணாடிப் புட்டியும் இப்படித்தான் உடையும். நெருக்கமான துகள்கள் உள்ள நல்ல குவார்ட்சைட் கல்லும் ஏறக்குறைய இப்படித்தான் உடையும். ஆதி மனிதன் கல்லைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்கள் தந்திக் கம்பத்துப் பீங்கானை எடுத்துச் செதுக்கி ஈட்டி முனை செய்தாங்களாம்! நம்ம ஊர்க் குப்பையை அவங்க பார்த்தால் விடவே மாட்டாங்க.

ஒரு கல்லை இன்னொரு கல்லால் ஓரத்தில் அடித்தால் ஒரு சில்லு தெறிக்கும். சில்லு போன இடத்தில் குழிவாக ஒரு தழும்பு விழும். அந்தத் தழும்புக்குப் பக்கத்தில் அடுத்த அடி, அடுத்த தழும்பு. கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. இரண்டு பக்கத்துத் தழும்புகளும் ஓரத்தில் சந்திக்கும்போது வளைந்து வளைந்து ஒரு வெட்டு விளிம்பு வரும். கைப்பிடிக்கும் மொத்தைப் பக்கத்தில் மட்டும் பழைய கூழாங்கல் தோலை விட்டுவைப்பது உண்டு. ஆற்றில் உருண்டு அடிபட்ட கல்லிலும் ஒன்றிரண்டு தழும்பு இருக்கும். ஆனால் அது தாறுமாறாக இருக்கும், வரிசை இருக்காது. வரிசையும் இரண்டு பக்கமும்தான் முக்கியம். இன்னொன்று நிறம். லட்சக்கணக்கான வருஷம் மண்ணில் கிடந்த தழும்பு, கல்லின் மற்றப் பகுதி மாதிரியே நிறம் மாறிப் போயிருக்கும். புதுசாக உடைந்த இடம் வெளிறித் தெரியும்.

பூதக்கண்ணாடி வைத்து என் கல்லைப் பார்த்தோம். நாலு தழும்பு இருந்தது. நாலும் ஒரே பக்கம். நாலும் வெளிறிப் பளிச்சென்று இருந்தது. ஒன்றின் ஓரத்தில் துருப்பிடித்த கோடு, இரும்பு உரசின கோடு. லாரியோ ஜேசிபியோ, ஏதோ ஒன்று. எங்க டீச்சர் திட்டவில்லை. ஆனா எனக்கு அழுகை வந்துட்டுது. 15 லட்சம் வருஷம் என்று எழுதின என் கையெழுத்து அப்போதும் வராந்தாவில் ஒட்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று படிச்சிட்டிருந்தாங்க.

ஃபூட் கதையை முடிக்கலையே. அவர் அத்திரம்பாக்கத்தோடு நிற்கவில்லை. 1866-இல் சென்னையில் வெளியான இதழில் கட்டுரை எழுதினார். 1868-இல் இங்கிலாந்தில் நார்விச் நகரத்தில் உலக அறிஞர்கள் கூடின மாநாட்டில் நம்ம ஊர்க் கற்களைக் காட்டினார். வெளிநாட்டுக்காரங்க அந்தக் கைக்கோடரிகளைச் சென்னைக் கோடரி என்றே சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேலே நடந்தார். ஆந்திரா, கர்நாடகா, குஜராத் வரைக்கும். கர்நாடகாவில் கோகாக் பக்கம் கிடைத்த பழைய காண்டாமிருக எலும்பை ஆராய்ந்து எழுதினார். நம்ம தென் பாண்டிநாட்டில் சாயர்புரம் தேரி மணலில் நகத்தளவு சின்னச் சின்னக் கற்கருவிகளைப் பார்த்தார். கர்நூல் பக்கம் பில்லசர்கம் குகைகளில் தோண்டுவதற்குத் தன் மகனையே துணைக்கு வைத்துக்கொண்டார். அந்த மகன் ராணுவத்தில் லெப்டினன்ட், பேர் ஹென்றி. மொத்தம் 400-க்கும் மேற்பட்ட இடங்களை அவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு ஆள், கார் இல்லை, செல்போன் இல்லை!

நடுவில் துக்கமும் வந்தது. மனைவி எலிசபெத் இளம் வயதிலேயே இறந்துபோனார். அதன் பிறகும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கற்களுக்குப் போயிடுது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாம்பல் மேடு கதைதான். பெல்லாரிப் பக்கம் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் இருக்கு. சாம்பல் சும்மா சாம்பலாக இல்லாமல் உருகிக் கட்டி கட்டியாகக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஊர்க்காரங்க ராட்சசன் எரிந்த சாம்பல் என்று சொல்லி வந்தாங்க. எரிமலையா, இரும்பு உருக்கின இடமா என்று படித்தவங்களுக்கும் குழப்பம். ஃபூட் அங்கே வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளையும் மாட்டு எலும்புகளையும் பார்த்தார். அப்புறம் அந்தச் சாம்பல், புதிய கற்கால மக்கள் மாடு அடைத்த இடத்துச் சாணம் குவியல் குவியலாக எரிந்து உருகினது என்று சொன்னார். சாணத்தில் வைக்கோல் இருக்கு, வைக்கோலில் மணல் சத்து இருக்கு, கடும் சூட்டில் அது உருகும். நம்ம சூளையில் மெருகுப் பூச்சு உருகிப் பளபளப்பாகுமே, ஏறக்குறைய அதே சங்கதி. எங்க அப்பாவிடம் சொன்னேன். சூளையில் மூட்டை தூக்குகிறவர் அவர். கல்லைப் பற்றிச் சொன்னபோது காது கொடுக்காதவர், இதைக் கேட்டுவிட்டு, அந்த வெள்ளைக்காரன் விவரமானவன்தான் என்று ஒத்துக்கொண்டார்.

1891-இல் ஃபூட் புவியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால் திண்ணையில் உட்காரவில்லை. பரோடா சமஸ்தானத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் வேலை செய்தார். பிறகு நம்ம சேர்வராயன் மலையில் ஏற்காட்டில் குடியிருந்தார். அந்த மலை ஊர்களில் பழைய கற்கோடரிகளை மரத்தடியிலும் கோயிலிலும் வைத்துச் சாமியாகக் கும்பிடுகிற வழக்கம் உண்டு. கல் தேடுகிறவருக்கு ஏற்ற ஊர்தான்.

வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கள், பானை ஓடுகள் எல்லாவற்றையும் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூரில் இருக்கே, அதுதான். ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர், ஒவ்வொரு கல்லுக்கும் ஊர்ப் பேர். அந்தப் பட்டியலையும் குறிப்புகளையும் வயதான காலத்தில் உட்கார்ந்து எழுதினார். ஆனால் அச்சில் பார்க்க அவர் இல்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்துபோனார். வயது 78. அஸ்தியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து அங்கே உள்ள தேவாலயத்தில் வைத்தாங்க. பட்டியல் 1914-லும் குறிப்புகள் 1916-லும் வெளியாயின.

பெரிய மனிதர் சொன்னது எல்லாமே சரியா? இல்லை. செம்புரைச் சரளை எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் படிந்தது என்று அவர் நினைத்தார். அது இன்றைக்கு ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. அத்திரம்பாக்கத்தில் சரளைக்குக் கீழே ஒரு களிமண் அடுக்கு இருக்கு. அது டைனோசர் காலத்துக் களிமண், அதற்குள் மனிதன் செய்த எதுவும் இருக்காது என்று அவருக்குப் பின்னால் வந்தவங்களும் ரொம்ப நாள் நினைத்தாங்க. அதனால் களிமண் வந்ததும் தோண்டுவதை நிறுத்திவிடுவாங்க.

1999-இல் சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞர் அங்கே தோண்ட ஆரம்பித்தார். பெண்! இதைப் பெரிய எழுத்தில் எழுதணும் என்று ஆசை, தாளில் இடம் இல்லை. குமார் அகிலேஷ் என்பவரும் கூட வேலை செய்தார். அவங்க களிமண்ணோடு நிறுத்தவில்லை. உள்ளே போனாங்க. குழி 9 மீட்டர் ஆழம் வரை போனது, அதாவது நம்ம பள்ளிக்கூடக் கட்டிடம் இரண்டு மாடி முங்கிப் போகும். களிமண்ணுக்குள்ளே கற்கருவிகள் வந்துகொண்டே இருந்தன. 3,500-க்கும் மேல். மிருகங்களின் காலடித் தடம், குதிரை, எருமை மாதிரி விலங்குகளின் பல் எல்லாம் கிடைத்தது. அந்தக் களிமண் டைனோசர் காலத்தது இல்லை, ஆற்று வெள்ளம் படிய வைத்தது என்று தெரிந்தது. களிமண்ணில் பிழைக்கிற ஊர்ப் பெண்ணான எனக்கு, களிமண் ஜெயித்த மாதிரி இருந்தது.

வயதை எப்படிக் கணக்குப் போட்டாங்க என்பதை டீச்சர் எனக்கு மூன்று தடவை சொன்னாங்க. விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் எப்போதும் பூமியில் விழுந்துகொண்டே இருக்கு. வெளியே கிடக்கும் கல்லில் அவை இரண்டு விதமான அணுக்களை உண்டாக்கும். ஒன்று அலுமினியம் 26, இன்னொன்று பெரிலியம் 10. கல் மண்ணுக்கு அடியில் புதைந்தால் கதிர் விழாது, புதுசு உண்டாகாது. இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமாக அழியும். அலுமினியம் வேகமாக அழியும், பெரிலியம் மெதுவாக அழியும். மிச்சம் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கு என்று அளந்தால் புதைந்து எத்தனை காலம் என்று தெரியும். சராசரி 15 லட்சம் வருஷம், எப்படிப் பார்த்தாலும் 10 லட்சத்துக்குக் குறையாது என்று 2011-இல் வெளியிட்டாங்க. 2018-இல் இன்னொரு செய்தியும் வந்தது. அதே இடத்தில் மேல் அடுக்குகளில் வேறு விதமான, சின்னதாகத் திட்டமிட்டுப் பெயர்த்தெடுத்த கருவிகள், சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே செய்ய ஆரம்பித்தவை.

இந்த 15 லட்சத்தைத்தான் நான் எடுத்து என் கல்லுக்கு ஒட்ட வைத்தேன். அது அத்திரம்பாக்கத்துக் களிமண்ணின் வயது. மணிமுத்தாற்றுக் குவியலின் வயது இல்லை. வடிவம் ஒன்று போல இருந்தால் வயதும் ஒன்று போல இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆற்றுக்குப் போனேன். தம்பியும் வந்தான். இந்தத் தடவை நோட்டு, பென்சில், அளவு நாடா எல்லாம் எடுத்துக்கொண்டோம். கரை உடைந்து மண் அடுக்கு தெரிகிற ஓர் இடம் பார்த்தோம். மேலே மணல் 60 சென்டிமீட்டர், அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, அதற்குக் கீழே சரளை. படம் வரைந்தோம். கருவி எதுவும் இல்லை. தம்பிக்கு ஒரு பானை ஓடு கிடைத்தது. அவன் எடுக்கப் போனான், நான் கையைத் தட்டிவிட்டேன். முதலில் எந்த அடுக்கில் இருக்கு, பாலத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதினோம். அப்புறம் அதைத் தொடாமல் அங்கேயே விட்டுவிட்டு வந்து டீச்சரிடம் நோட்டைக் கொடுத்தோம். தம்பிக்கு இன்னும் என் மேல் கோபம்.

என் பழைய கல் எங்க வகுப்பு ஜன்னலில் இருக்கு. பக்கத்தில் ஒரு உடைந்த பியூஸ் கேரியரும் வைத்திருக்கேன், தழும்பு பார்த்துப் பழக. மஞ்சள் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கேன்: மணிமுத்தாறு, மாசி மகத்தன்று எடுத்தது, எடுத்த இடம் சரியாகக் குறிக்கப்படவில்லை, கருவி அல்ல. மதிய இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தொட்டுப் பார்க்கலாம், ஆனால் அட்டையைப் பிரித்துவிடாதீங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி